உன் அப்பாவை நான் விவாகரத்து செய்யப்போவதாகக் கிளம்பிய பேச்சு

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், என் இடது முழங்காலைத் தவிர, அது என் பேச்சைக் கேட்பதை விட்டு ரொம்ப நாளாயிற்று. நீ நலமா என்று எல்லோரும் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வரிக்கு ஓடிவிடுவார்கள், நான் இந்த முறை அந்த வரியிலேயே நிற்கிறேன், நீ நலமா? பதிலை இப்போதே யோசிக்க வேண்டாம். முதலில் உன் போனை மேஜை டிராயரில் போட்டு மூடிவிட்டு வந்து மேலே படி. இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்கு அனுப்பாமல் நீ பல் செட் செய்யும் லேபுக்கு அனுப்பியதற்குக் காரணம் இருக்கிறது, எல்லாம் வரிசையாகச் சொல்கிறேன். பேனா பிடித்து வருஷக்கணக்காகிவிட்டதால் எழுத்து கோணல் மாணலாக இருக்கும், நல்ல நாளிலேயே என் கையெழுத்து மருந்துக் கடைக்காரருக்குத்தான் புரியும், பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் உன் அப்பாவும் பிரியப்போகிறோம் என்று உன் காதுக்கு வந்திருக்கும், இல்லையென்றால் இந்த வாரத்துக்குள் வந்துவிடும். பதறாதே. அது பொய். அந்தப் பொய்யைப் பெற்று வளர்த்து ஊருக்குள் விட்டது நான்தான்.

போன மாதம் ஆரம்பித்தது இது. மத்தியானம் நம் சலவைக் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனை நோண்டுவது என் வழக்கம், உனக்குத் தெரியும். முழங்கால் தைலம், தலைச்சாயம், தொந்தியை இறுக்கிப் பிடிக்கும் பட்டை என்று என் வயசுக்கும் அழகுக்கும் ஏற்ற விளம்பரங்கள்தான் எனக்கு வரும். திடீரென்று ஒரு நாள் ஒரு சின்னப் பயணப்பெட்டி வந்தது, ஒருவருக்குப் போதுமானது என்று கீழே எழுதியிருந்தது. மறுநாள் தனி ஆளுக்கு வாடகை அறை. அதற்கு மறுநாள் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டே, பிரிவது என்று முடிவெடுத்துவிட்டீர்களா, முதல் ஆலோசனை இலவசம் என்கிறாள். நான் இதையெல்லாம் தேடவில்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர். நான் தேடவில்லை என்றால் வேறு யார், நீயே சொல். போதாத குறைக்கு உன் அப்பா அந்த வாரம் பார்த்து தானாகப் போய் ஒரு கோடு போட்ட சட்டை வாங்கி வந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு பனியன்கூட என்னைக் கேட்காமல் வாங்கியதில்லை அந்த மனுஷர். ராத்திரி சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துவிட்டு நேராகவே கேட்டுவிட்டேன், "அந்தப் பெட்டி எதுக்கு?" என்று. "எந்தப் பெட்டி?" என்றார். "ஒரு ஆளு மட்டும் போற பெட்டி" என்றேன். "லிப்டைச் சொல்றியா? அதுல நாலு பேரு போலாமே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்துவிட்டார். லிப்ட் ரிப்பேர் செய்கிற ஆளிடம் பெட்டி என்று கேட்டது என் தப்புத்தான், ஆனால் அன்றைக்கு எனக்கு அது கைதேர்ந்த திருடனின் பதிலாகத்தான் பட்டது. அன்றிலிருந்து துப்பறியும் வேலையில் இறங்கினேன். எந்த விளம்பரம் வந்தாலும் விடாமல் தொட்டுத் திறந்தேன், கோட்டுக்காரியின் பக்கத்துக்குள் போய் மேலிருந்து கீழ் வரை படித்தேன், ஏற்கிறீர்களா ஏற்கிறீர்களா என்று கேட்ட இடத்திலெல்லாம் ஏற்கிறேன் ஏற்கிறேன் என்று அமுக்கினேன். அது என் சுபாவம், கொடுக்க வருகிறவர்களை எதற்கு முகத்தில் அடித்த மாதிரி வேண்டாம் என்று சொல்வது என்று நினைப்பேன். அவர்கள் கொடுக்க வரவில்லை, எடுக்க வந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் தொடத்தொட விளம்பரம் பெருகியது. காலையில் வானிலை பார்க்கப் போனால் வக்கீல், வெங்காயத்தை எப்படிப் பொடியாக நறுக்குவது என்று பார்க்கப் போனால் வக்கீல்.

கடைசியில் போனைத் தூக்கிக்கொண்டு நம் தெருமுனை போன் ரிப்பேர்க்காரரிடம் போனேன். கேட்ட கேள்விக்கெல்லாம் போன் திரை மேல் ஒரு டெம்பர் கிளாஸ் ஒட்டி அனுப்புவாரே, அதனால் நாம் டெம்பர் என்றே கூப்பிடுவோமே, அவர்தான். என் வீட்டுக்காரர் என்ன தேடுகிறார் என்று கண்டுபிடித்துத் தர முடியுமா என்று மெதுவாகக் கேட்டேன். டெம்பர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இதுல சார் எங்க வந்தாரு? இது உங்க அக்கவுண்டே இல்லையே, உங்க பொண்ணுது" என்றார். அப்போதுதான் ஞாபகம் வந்தது, நீ கல்யாணமாகிப் போகும்போது உன் பழைய போனை எனக்குக் கொடுத்தாய், எனக்குப் பாஸ்வேர்டு நிற்காது என்று உன் கணக்கையே அதில் விட்டுவிட்டுப் போனாய், இப்படியே இருக்கட்டும்மா போட்டோ எல்லாம் தானா வரும் என்றாய். போட்டோ வந்தது. கூடவே இதுவும் வந்திருக்கிறது. எனக்கு அப்போதும் முழுசாகப் புரியவில்லை, நீ எங்கேயோ இருந்து தேடினால் என் போனுக்கு எப்படித் தெரியும் என்றேன். அவர் சொன்னது இதுதான், நாம் எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அது நம் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி வைத்து அனுப்புகிறது, அடுத்த கடை அந்தக் குறியைப் படித்து இவள் இன்னாள், இன்னதைத் தேடுகிறாள், இன்ன ஊரில் இருக்கிறாள், ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்கிறது, கணக்கு ஒன்று என்றால் ஆள் ஒன்று, போன் எத்தனை இருந்தாலும் சரி. குறி என்றதும் எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. நம் கடையில் காலருக்கு உள்ளே சிவப்பு நூலில் போடுகிறோமே, எந்தத் தொட்டிக்குப் போனாலும் எந்த மூட்டையில் கலந்தாலும் சொந்தக்காரரிடமே திரும்பி வர வேண்டும் என்று, அதே வேலை. நாம் துணிக்குக் குறி போட்டு ஆளிடம் சேர்க்கிறோம், இவர்கள் ஆளுக்கே குறி போட்டு வியாபாரியிடம் சேர்க்கிறார்கள்.

அதோடு விட்டாரா டெம்பர், உற்சாகம் வந்துவிட்டது அவருக்கு. "இன்னொண்ணு காட்டறேன் பாருங்க அக்கா" என்று ஒரு வரைபடத்தைத் திறந்தார். நீ இருக்கிற ஊர். நீலக் கோடாக நீ போன வழியெல்லாம். "இதோ போன வாரம் பாப்பா எங்க எங்க போயிருக்குன்னு..." என்று விரலை வைத்தார், நான் பட்டென்று என் உள்ளங்கையால் திரையை மூடிவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, பெத்த பொண்ணுதானே அக்கா என்றார். ஆமாம், பெத்த பொண்ணுதான், அதனால்தான் மூடினேன். உண்மையைச் சொல்கிறேன், பார்க்க வேண்டும் என்று கை துடித்தது. நீ எந்தத் தெருவில் நடக்கிறாய், எந்தக் கடையில் நிற்கிறாய் என்று இத்தனை நாளாக மனசுக்குள்ளேயே கற்பனை பண்ணிக்கொண்டிருந்தவள் நான், அது ஒரு விரல் தூரத்தில் இருந்தது. ஆனால் கையை எடுக்கவில்லை. அந்தக் கை அப்படியே இருக்கும்போதுதான் பெட்டியும் அறையும் கோட்டுக்காரியும் உன் அப்பாவுடையவை அல்ல, உன்னுடையவை என்று உறைத்தது. அவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் பாவம், தண்ணீர் கொடுத்துவிட்டு ஒரு டெம்பர் கிளாசும் இலவசமாக ஒட்டி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, போன் அடித்தது. மாப்பிள்ளை. குரலை உயர்த்தவே மாட்டார் அவர், உனக்குத் தெரியாததா, அன்றைக்கு அதைவிட மெதுவாகப் பேசினார். "அத்தை, உங்க பொண்ணு உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?" எதைப் பற்றி என்றேன். "பொதுவா. அவ மனசுல என்ன இருக்குன்னு." ஒன்றும் இல்லையே என்றேன். அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார், அப்புறம் இன்னொரு மாதிரி. கடைசியில் விஷயத்துக்கு வந்தார், சமையலறையில் நீ குறிப்பு பார்க்க வைத்திருக்கிறாயே டேப்லெட், அதில் ஒரு வாரமாக வக்கீல் விளம்பரமாக வருகிறதாம். பாப்பா, அது நான் தொட்டுத்தொட்டு வரவழைத்தது. உன் அப்பாவைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று உன் அடுப்பு மேடைக்கு அந்தக் கோட்டுக்காரியை அனுப்பிவைத்தது நான். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார், "வியாழக்கிழமை பஸ் ஸ்டாப்புல ரொம்ப நேரம் நின்னிருக்கா அத்தை, ரெண்டு பஸ்ஸை விட்டிருக்கா. யாருக்காக நின்னா? கேட்டா பதில் இல்ல. இப்ப அவ போன்ல சார்ஜ் எவ்ளோ இருக்குன்னுகூட எனக்குத் தெரியும், ஆனா அவ மனசு மட்டும் தெரிய மாட்டேங்குது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் உன்னை அடிக்கிறாரா, திட்டுகிறாரா, சாப்பாடு சரியில்லை என்று தட்டைத் தள்ளுகிறாரா எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் பெண்டாட்டியின் போனில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிற ஒருவரின் வீட்டில் நீ எப்படி மூச்சு விடுகிறாய் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது என் வாயிலிருந்து வந்ததை நான் யோசித்து வரவழைக்கவில்லை, அதுவாக வந்தது. "ஐயோ மாப்பிள்ளை, அது நான் தேடினது" என்றேன். "என் போனும் அவ அக்கவுண்டும் ஒண்ணுதானே, உங்களுக்குத் தெரியாதா? வெளிய சொல்லிடாதீங்க, நான்தான் உங்க மாமாவை விட்டுப் போயிடலாம்னு இருக்கேன்." மூக்கையும் உறிஞ்சினேன். நன்றாகவே அழுதேன், அதற்கு நடிப்பு தேவைப்படவில்லை. அவர் லேசில் விடுகிற ஆளா, "அறை எல்லாம் எங்க ஊர்ல பாத்திருக்கே அத்தை?" என்றார். பார், அதையும் பார்த்து வைத்திருக்கிறார். "ஆமா, பொண்ணு பக்கத்துல வந்து இருந்துடலாம்னு. உங்க தெருவுலயே கிடைச்சா இன்னும் நல்லது, தினமும் வந்து பாத்துக்கலாம்" என்றேன். மாமியார் அதே தெருவுக்குக் குடிவரப்போகிறாள் என்றதும் அவர் குரல் மாறிய விதம் இருக்கிறதே, அவசரப்படாதீங்க அத்தை, மாமாகிட்ட நான் பேசறேன், கல்யாணம்னா நாலும் இருக்கும் என்று எனக்கே புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டார். நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். முழுசாக நம்பியிருக்க மாட்டார் என்றும் நினைக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். உன்னிடம் கேட்டால் நீ வேறு ஒன்று சொல்லிவிடக்கூடாது. தேடியது அம்மா, பிரியப்போவது அம்மா, உனக்கு இப்போதுதான் தெரியும், அதிர்ச்சியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இங்கே என் கதை எப்படி இருக்கிறது என்று கேள். மாப்பிள்ளை வெளியே சொல்ல மாட்டார் என்று நினைத்தேன், அவர் நேராக உன் அத்தைக்குப் போன் போட்டிருக்கிறார், அப்பாவின் தங்கைக்கு ஒரு செய்தி போனால் அதற்குப் பிறகு தண்டோரா தேவையில்லை. மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே வந்துவிட்டாள், அழுதுகொண்டே. என்னிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள், "அண்ணி இப்படிப் போற அளவுக்கு நீ என்னதான் பண்ணின, சொல்லித் தொலைண்ணா" என்றாள். உன் அப்பாவுக்குப் பொய் வராது, உனக்குத் தெரியும், அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "குறட்டை" என்றார். அதுதான் இப்போது தெருவெல்லாம் பேச்சு. கடைக்கு வருகிற பெண்கள் துணியைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போகிறார்கள், இரண்டு பேர் எங்க வீட்லயும் அதேதான்க்கா, நீங்க தைரியசாலி என்றார்கள். நான் காலையில் டீயோடும் சாயங்காலம் டீயோடும் உட்கார்ந்து உன் கணக்கில் தேடுகிறேன், குறட்டைக்காக விவாகரத்து கிடைக்குமா, இத்தனை வயதில் தனியாக வாழ்வது எப்படி, பெண்ணின் ஊரில் மாமியாருக்கு அறை. நீ தேடியது எல்லாம் என் குப்பைக்கு அடியில் போய்விட வேண்டும் என்றுதான். அந்தப் பக்கங்களும் நம்பிவிட்டன, நேற்று நடுத்தர வயதில் நல்ல துணை என்று ஒரு வழுக்கைக்காரர் படம் வந்தது, சாப்பாடு எடுக்கப் படியிறங்கி வந்த உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "இவரு பரவாயில்ல, வேலையில இருக்காரு" என்றார்.

சிரிப்பாக எழுதுகிறேனே தவிர ராத்திரி படுத்தால் ஒன்றுதான் மண்டையைக் குடைகிறது. நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை. பிறகு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன், யார் சொல்வார்கள் என்னிடம், என்னிடம் ஒன்றைச் சொன்னால் அது சாயங்காலத்துக்குள் நாலு தெரு சுற்றி என்னிடமே திரும்பி வரும் என்று நீ பள்ளிக்கூடம் படிக்கும்போதே கேலி பண்ணுவாய். நான் வம்புக்காரிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். கடையில் துவைக்கப் போடும் முன் ஒவ்வொரு துணியின் பையிலும் கைவிட்டுப் பார்ப்பது என் வேலை. என்னென்னவோ வந்திருக்கிறது, ஆஸ்பத்திரிச் சீட்டு, சினிமா டிக்கெட் இரண்டு, யாருக்கோ எழுதிக் கொடுக்காத காகிதம், கழற்றி ஒளித்த மோதிரம். எல்லாவற்றையும் கவரில் போட்டு ஒட்டித் துணியோடு கொடுத்துவிடுவேன், கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டேன். யார் வீட்டுக்கு யார் வந்தார் என்று வாய் ஓயாமல் பேசுகிற நான், பையில் பார்த்ததை இதுவரை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. அப்படி ஒரு பக்கமும் உன் அம்மாவுக்கு உண்டு என்று உனக்குத் தெரிய நியாயமில்லை, ஏனென்றால் அதைப் பற்றியும் நான் பேசியதில்லை.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள், டெம்பரிடம் என் நாத்தனார் மகளுக்கு என்று பொய் சொல்லிக் கேட்டு வந்தது. பாஸ்வேர்டை இப்போது மாற்றாதே, எதையும் அழிக்காதே, கணக்கிலிருந்து வெளியே வராதே. திடீரென்று ஒரு கதவைச் சாத்தினால்தான் காவல்காரனுக்குச் சந்தேகம் வரும். உன் தேடலை உன் போனிலும் வீட்டிலும் வைத்துக்கொள்ளாமல் லேபில் கூட வேலை செய்கிறவள் எவளாவது நம்பிக்கையானவளாக இருந்தால் அவள் போனில் செய், இல்லாவிட்டால் நூலகத்துக் கம்ப்யூட்டரில் செய். புதுசாக ஒரு கணக்கு திற, அதில் உன் பிறந்த நாள், நம் வீட்டுப் பூனை பேர், அவருக்குத் தெரிந்த எதையும் வைக்காதே. எங்கேயாவது போக வேண்டுமென்றால் போனை உன் பல் செட்டுகளோடு லேபிலேயே விட்டுவிட்டுப் போ, நீலப் புள்ளி வேலை செய்துகொண்டிருக்கட்டும், நீ உன் காரியத்தைப் பார். இனிமேல் எந்த இடத்திலும் ஏற்கிறீர்களா என்று கேட்டால் ஒரு நிமிஷம் நின்று யோசித்துவிட்டு அமுக்கு, அம்மா மாதிரி மரியாதைக்காக ஏற்காதே. நானும் அவர், சொன்னார், கேட்டார் என்று மரியாதை போட்டே எழுதிக்கொண்டு வருகிறேன், மாப்பிள்ளை என்றால் கை தானாகவே அப்படி எழுதுகிறது, நீ வேறு மாதிரி சொல்லச் சொன்னால் அன்றைக்கே மாற்றிக்கொள்கிறேன்.

உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் மாப்பிள்ளை போன் செய்த அன்று ராத்திரியே சொன்னேன், சொல்லாமல் எப்படி, அவரைத்தானே பலி கொடுத்திருக்கிறேன். திருகாணி டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். முடித்ததும், "அவளுக்கு எவ்ளோ நாள் தேவைப்படும்?" என்றார். தெரியாது என்றேன். எழுந்து தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டார், மாப்பிள்ளை வீடியோவில் கூப்பிட்டால் இரண்டு பேரும் ஒரே அறையில் தெரியக்கூடாது, அவள் கிளம்பி முடிக்கிற வரைக்கும் நான் மாடியிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார். அதிலிருந்து மாடியில்தான். சாப்பாட்டைக்கூட நான் படிக்கட்டில் வைத்துவிட்டுத் தட்டைத் தட்டுகிறேன், எதிர்வீட்டு ஜன்னலுக்குக் கதை நம்பும்படி இருக்க வேண்டுமே. மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டி அறையில் படுத்தால் இடுப்பு வலிக்கும், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

நீ போகப்போகிறாயா, இருக்கப்போகிறாயா, நான் கேட்கவில்லை. பெட்டி வாங்கினாயா என்றும் கேட்கவில்லை. எது செய்தாலும் உன் வேகத்தில் செய், நாங்கள் இந்த நாடகத்தை எத்தனை மாதம் வேண்டுமானாலும் ஓட்டுவோம். பேச வேண்டும் என்று தோன்றினால் என் போனுக்கு அடிக்காதே, கடை நம்பருக்கு அடி, கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் நான்தான் எடுப்பேன், ஆள் வந்து கூட்டிப்போக வேண்டுமென்றால் லேப் போனிலிருந்து கூப்பிட்டு நீலப் போர்வை தயாரா என்று மட்டும் கேள், மிச்சத்தை நான் புரிந்துகொள்வேன், அப்பா அடுத்த வண்டியில் கிளம்பிவிடுவார். வேளைக்குச் சாப்பிடு. தூங்கு. நீ எடுத்து வைக்கிற காலடி எல்லாம் நல்ல இடத்திலேயே போய்ச் சேரட்டும், அதை நானும் பார்க்கக் கூடாது, வேறு யாரும் பார்க்கக் கூடாது, அப்படி இருக்கட்டும் என்பதுதான் என் ஆசீர்வாதம். மறுபடியும் சொல்கிறேன், வீட்டுக்குள் போகும் முன் முகத்தை அதிர்ச்சியாக வைத்துக்கொள், உன் அம்மா அப்பா பிரிகிறார்கள்.

உன் அம்மா

(அப்பாவையும் கீழே கையெழுத்துப் போடச் சொல்லி இதை மாடிக்கு எடுத்துப் போனேன். முழுசும் படித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிரிந்திருக்கிறவர்கள் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டார்களாம்.)